ரோஜா நிறப் பத்திரிகை

அமெரிக்காவில் அநீதியை எதிர்த்துப் பேனா பிடித்த ஐடா வெல்ஸ் அம்மையாரின் வரலாறு

அமெரிக்காவில் மெம்பிஸ் என்று ஒரு நகரம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பெரிய ஊர். 130 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் தாள் வெள்ளை அல்ல. ரோஜாப்பூ நிறம்!

ஏன் அந்த நிறம்? அதற்கு ஒரு காரணம் உண்டு.

அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் கறுப்பு இன மக்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரிகையை வாங்கிக்கொண்டு போவார்கள். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். விற்பவர்களில் சிலர் இவர்களை ஏமாற்றினார்கள். வேறு ஏதோ ஒரு பத்திரிகையைக் கையில் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார்கள்.

பத்திரிகையின் ஆசிரியர் இதைக் கேள்விப்பட்டார். உடனே ரோஜா நிறத் தாளில் அச்சடிக்க ஏற்பாடு செய்தார். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன? நிறம் தெரியும் அல்லவா? அதன் பிறகு யாரும் ஏமாறவில்லை.

அந்த ஆசிரியர் ஓர் இளம் பெண். பெயர் ஐடா வெல்ஸ். அவரும் ஓர் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

அடிமைக்குப் பிறந்த குழந்தை

மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், 1862-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி ஐடா பிறந்தாள். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அடிமை முறை வேண்டும் என்று தென் மாநிலங்கள் ஒரு பக்கம். நாடு பிளவுபடக் கூடாது என்று வட மாநிலங்கள் மறு பக்கம். 1865-ல் தென் மாநிலங்கள் தோற்றன. அடிமை முறை ஒழிந்தது.

ஐடாவின் தந்தை தச்சு வேலை செய்பவர். தாய் சமையல் வேலை செய்பவர். விடுதலை கிடைத்ததும் அவர்கள் முதலில் நினைத்தது படிப்பைத்தான். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றம் என்று சட்டம் இருந்த பூமி அது. கறுப்பர்களுக்காக ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. குழந்தைகளோடு தாயும் போய் உட்கார்ந்தார். பைபிளைத் தாமே படிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. படித்தும் காட்டினார்.

ஐடா கெட்டிக்காரப் பெண். மாலையில் தந்தையின் நண்பர்கள் வீட்டுக்கு வருவார்கள். ஐடா பத்திரிகையை எடுத்து உரக்கப் படிப்பாள். பெரியவர்கள் வாயடைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பதினாறு வயதில் குடும்பத் தலைவி

1878-ம் ஆண்டு ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. கொசுவினால் பரவும் கொடிய நோய் அது. அந்தக் காலத்தில் அந்த உண்மை யாருக்கும் தெரியாது. ஐடாவின் தாய் இறந்தார். தந்தை இறந்தார். கைக்குழந்தையான தம்பியும் இறந்தான்.

ஐடா அப்போது பாட்டி வீட்டில் இருந்தாள். செய்தி கேட்டதும் புறப்பட்டாள். நோய் பரவும் ஊருக்குப் பயணி ரெயில் ஓடவில்லை. சரக்கு ரெயிலில் ஏறி வந்து சேர்ந்தாள்.

எஞ்சிய குழந்தைகள் ஐந்து பேர். தந்தையின் நண்பர்கள் கூடிப் பேசினார்கள். ஆளுக்கு ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். நடக்க முடியாத ஒரு தங்கையை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளை ஏழைகள் விடுதிக்கு அனுப்பலாம் என்றார்கள்.

ஐடா எழுந்தாள். குழந்தைகளைப் பிரிக்க விட மாட்டேன் என்றாள். வேலை ஒன்று தேடிக் கொடுத்தால் போதும், எல்லோரையும் நானே காப்பாற்றுகிறேன் என்றாள்.

பாவாடையை நீளமாக இறக்கித் தைத்துக்கொண்டாள். வயது கூடுதலாகத் தெரிய வேண்டும் அல்லவா? ஆசிரியை வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினாள். ஆறு மைல் தொலைவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். மாதம் 25 டாலர் சம்பளம். வெள்ளிக்கிழமை மாலை கோவேறு கழுதை மீது ஏறி வீட்டுக்கு வருவாள். துவைத்து, இஸ்திரி போட்டு, சமைத்து வைத்துவிட்டு ஞாயிறு மாலை திரும்பிப் போவாள்.

ரெயில் பெட்டியில் போராட்டம்

சில ஆண்டுகளில் ஐடா மெம்பிஸ் பக்கம் குடியேறினார். அங்கும் ஆசிரியை வேலைதான்.

அடிமை முறை ஒழிந்தாலும் வெள்ளையர்களில் பெரும்பாலோர் மனம் மாறவில்லை. கறுப்பர்களைத் தனியே ஒதுக்கி வைக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் தனி. ஓட்டல் தனி. ரெயில் பெட்டி தனி.

ஐடாவுக்கு அப்போது வயது 21. முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி, பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்தார். முன்னால் உள்ள புகை பிடிப்போர் பெட்டிக்குப் போகச் சொன்னார். ஐடா மறுத்தார். கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்தார். ஐடா முன் சீட்டில் காலை ஊன்றிக்கொண்டு, கண்டக்டரின் கையைக் கடித்துவிட்டார்!

கண்டக்டர் ஆள் கூட்டி வந்தார். மூன்று ஆண்கள் சேர்ந்துதான் ஐடாவை இழுக்க முடிந்தது. சட்டை கிழிந்தது. பெட்டியில் இருந்த வெள்ளையர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். புகைப் பெட்டியில் ஏற ஐடா சம்மதிக்கவில்லை. ரெயிலை விட்டே இறங்கிவிட்டார்.

ரெயில்வே கம்பெனி மீது வழக்குப் போட்டார். 1884-ம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஐடாவுக்கு 500 டாலர் நஷ்ட ஈடு! கம்பெனி அப்பீல் செய்தது. 1887-ல் மாநில சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பைத் தலைகீழாக மாற்றியது. கம்பெனிக்குத் தொல்லை கொடுப்பதற்காகவே ஐடா இப்படிச் செய்தார் என்று நீதிபதிகள் கூறினார்கள். கோர்ட்டுச் செலவு 200 டாலருக்கு மேல் ஐடாவின் தலையில் விழுந்தது.

சட்டம் காப்பாற்றும் என்று ஐடா நம்பியிருந்தார். அன்று அந்த நம்பிக்கை உடைந்தது. ஆனால் இந்த வழக்கைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளைப் பலர் விரும்பிப் படித்தார்கள். அயோலா என்ற புனைபெயரில் தொடர்ந்து எழுதினார். 1889-ல், முன்பு சொன்ன அந்தப் பத்திரிகையில் ஒரு பங்கை வாங்கி அதற்கு ஆசிரியரும் ஆனார். பேச்சுரிமை என்று பொருள்படும் பெயர் அதற்கு. கறுப்புக் குழந்தைகளின் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று எழுதினார். 1891-ல் ஆசிரியை வேலை போயிற்று. அதன் பிறகு பேனா ஒன்றே துணை.

மளிகைக் கடைக்கு வந்த வினை

மெம்பிஸ் நகரில் தாமஸ் மாஸ் என்று ஒரு தபால்காரர் இருந்தார். ஐடாவின் அருமை நண்பர். அவருடைய பெண் குழந்தைக்கு ஐடாதான் ஞானத்தாய். மாஸ் பகலில் தபால் கொடுப்பார். இரவில் கடையைக் கவனிப்பார். கறுப்பர்கள் சிலர் பங்கு போட்டுத் தொடங்கிய மளிகைக் கடை அது.

அதே இடத்தில் ஒரு வெள்ளையரும் மளிகைக் கடை வைத்திருந்தார். அதுவரை அந்த வட்டாரத்துக்கு அவர் கடை ஒன்றுதான். புதுக் கடை வந்ததும் அவருக்கு வியாபாரம் குறைந்தது. ஆத்திரம் மூண்டது.

1892-ம் ஆண்டு மார்ச் மாதம். சிறுவர்கள் கோலிக்குண்டு விளையாடினார்கள். கறுப்புச் சிறுவர்களுக்கும் வெள்ளைச் சிறுவர்களுக்கும் சண்டை வந்தது. சிறுவர் சண்டை பெரியவர்கள் சண்டை ஆயிற்று. ஒரு சனிக்கிழமை இரவு, ஆயுதம் ஏந்திய வெள்ளையர்கள் கடைக்குள் புகுந்தார்கள். கடையைக் காவல் காத்தவர்கள் சுட்டார்கள். மூன்று பேர் காயம் அடைந்தார்கள். வந்தவர்கள் போலீஸ் ஆட்கள் என்று பிறகு சொல்லப்பட்டது. கறுப்பர்கள் பலர் கைது செய்யப்பட்டார்கள்.

மார்ச் 9-ந் தேதி விடிவதற்கு முன், முகமூடி அணிந்த கும்பல் ஒன்று ஜெயிலுக்குள் நுழைந்தது. மாஸ், மக்டோவெல், ஸ்டூவர்ட் ஆகிய மூன்று பேரை மட்டும் வெளியே இழுத்தது. ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றது. மாஸ் தம் மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் உயிர்ப்பிச்சை கேட்டார் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. இங்கே நமக்கு நீதி இல்லை, மேற்கே போய்ப் பிழையுங்கள் என்று தம் மக்களுக்குச் சொல்லிவிட்டு இறந்தார் என்றும் எழுதினார்கள்.

கொன்றவர்கள் யாருக்கும் தண்டனை இல்லை. கடை மூடப்பட்டது.

வண்டி ஏறாத ஜனங்கள்

ஐடா அப்போது வெளியூர் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நண்பருக்காக அழுதார். பிறகு எழுத உட்கார்ந்தார்.

நம் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் தராத ஊரில் நமக்கு என்ன வேலை? ஊரை விட்டுப் புறப்படுங்கள். இதுதான் அவர் எழுதியதன் சாரம். ஜனங்கள் உண்மையிலேயே புறப்பட்டுவிட்டார்கள்! ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுடன் மேற்கே ஓக்லஹோமா பக்கம் போனார்கள். எஞ்சியவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினார்கள்.

ஆறு வாரம் ஆயிற்று. டிராம் கம்பெனி அதிகாரிகள் இரண்டு பேர் ஐடாவின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். கறுப்பர்கள் வண்டி ஏறாததால் பெருத்த நஷ்டம். மின்சார வண்டியைக் கண்டு அவர்கள் பயப்படுகிறார்களோ என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம்! பயப்பட வேண்டாம் என்று பத்திரிகையில் எழுதும்படி கேட்டுக்கொண்டார்கள்.

எத்தனை வாரமாக இப்படி என்று ஐடா கேட்டார். ஆறு வாரம் என்றார்கள். மாஸ் கொல்லப்பட்டும் ஆறு வாரம்தான் ஆகிறது என்று ஐடா சுட்டிக் காட்டினார். வந்தவர்கள் போனதும், நடந்த பேச்சு முழுவதையும் பத்திரிகையில் எழுதினார். அதோடு விடவில்லை. ஊரின் இரண்டு பெரிய மாதா கோவில்களுக்குப் போய், தொடர்ந்து நடந்தே போகும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார்.

ஏழைகளின் கையில் துப்பாக்கி இல்லை, அதிகாரம் இல்லை. ஆனால் அவர்கள் கொடுக்கும் சில்லறைக் காசுக்கு எவ்வளவு பலம் என்று ஊர் முழுவதும் அறிந்துகொண்டது.

கணக்கு எடுத்தார்

இந்தக் கொலை ஐடாவை வேறு விதமாகவும் சிந்திக்க வைத்தது.

விசாரணை இல்லாமல், தீர்ப்பு இல்லாமல், கும்பல் கூடி ஒருவரைக் கொல்வதற்கு லிஞ்சிங் என்று பெயர். தென் மாநிலங்களில் அது அடிக்கடி நடந்தது. வெள்ளைப் பெண்களை மானபங்கம் செய்த கயவர்களைத்தான் கொல்கிறோம் என்று வெள்ளையர்கள் சொல்லி வந்தார்கள். கேட்டவர்கள் நம்பினார்கள். ஐடாவும்கூட அதுவரை ஓரளவு நம்பியிருந்தார்.

ஆனால் மாஸ் செய்த குற்றம் என்ன? கடை வைத்ததுதானே? அப்படியானால் மற்றவர்கள் செய்த குற்றம் என்ன?

ஐடா ஆராயத் தொடங்கினார். கொலை நடந்த ஊர்களுக்கே போனார். பார்த்தவர்களை விசாரித்தார். சிகாகோவில் வெள்ளையர் நடத்திய பெரிய பத்திரிகை ஒன்று ஆண்டுதோறும் இந்தக் கொலைகளின் பட்டியலை வெளியிட்டு வந்தது. அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார். கறுப்பர்கள் கட்டிய கதை என்று யாரும் சொல்லிவிட முடியாது அல்லவா?

அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கொல்லப்பட்ட கறுப்பர்கள் 728 பேர் என்று கணக்குக் கிடைத்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் மானபங்கக் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. அதுவும் குற்றச்சாட்டுதான், நிரூபணம் அல்ல. சில இடங்களில் இருவரும் மனம் ஒப்பிப் பழகியிருந்தார்கள். மற்றவர்கள்? வெள்ளையரை எதிர்த்துப் பேசியவர்களும், தகராறு செய்தவர்களும், திருடியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். பெண்களும் இருந்தார்கள்.

1892 மே 21-ந் தேதி ஐடா ஒரு தலையங்கம் எழுதினார். மானபங்கக் கதை வெறும் பொய், அதை இனி யாரும் நம்பப் போவதில்லை என்று துணிந்து எழுதினார். எழுதிவிட்டு வெளியூர் புறப்பட்டார்.

மெம்பிஸ் கொதித்தது. எழுதியவர் ஆண் என்று நினைத்துக்கொண்டு, அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்ய வேண்டும் என்று ஒரு வெள்ளையர் பத்திரிகை எழுதியது. மே 27-ந் தேதி கும்பல் ஐடாவின் அலுவலகத்தில் புகுந்து அனைத்தையும் நாசமாக்கியது. திரும்பி வந்தால் உயிர் போகும் என்று எச்சரிக்கை விட்டது.

ஐடா நியூயார்க் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் இந்தச் செய்தி கிடைத்தது. பத்திரிகை போயிற்று. சேர்த்த பணம் போயிற்று. ஊரும் போயிற்று. வயது 29.

உலகம் கேட்டது

ஆனால் ஐடா ஓயவில்லை. நியூயார்க்கில் கறுப்பர்கள் நடத்திய பத்திரிகை ஒன்றில் எழுதத் தொடங்கினார். கொல்லப்பட்டவர் பெயர், ஊர், தேதி, சொல்லப்பட்ட காரணம், உண்மைக் காரணம் எல்லாம் எழுதினார். அந்த இதழ் 10,000 பிரதி அச்சிடப்பட்டது. கறுப்பு இனப் பெண்கள் கூட்டம் கூட்டி 500 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். பேனா வடிவத்தில் செய்த தங்க நகை ஒன்றையும் அணிவித்தார்கள்.

1893-லும் 1894-லும் பிரிட்டனுக்குப் போனார். ஊர் ஊராகப் பேசினார். கும்பல் கொலையைக் கண்டிக்க லண்டனில் ஒரு கமிட்டி அமைந்தது. தங்கள் மானம் கடல் கடந்து கப்பல் ஏறுகிறதே என்று தென் மாநிலத்துப் பிரமுகர்கள் பதறினார்கள். 1895-ல் பெயர், தேதி, இடம் ஆகியவற்றின் பட்டியலோடு ஒரு நூல் வெளியிட்டார்.

அதே ஆண்டில் சிகாகோ வக்கீல் பெர்டினாண்ட் பார்னெட்டை மணந்தார். நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்.

அடுத்த ஆண்டு, 1896-ல், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. வசதி சமமாக இருந்தால் இரு இனத்தாருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கலாம் என்றது. வசதி சமமாக இருக்கவில்லை. தனிமை மட்டும் நிலைத்தது. 1954-ல் பள்ளிக்கூட வழக்கில் அந்தக் கொள்கை தள்ளப்படும் வரை, 58 ஆண்டுகள் அந்தத் தீர்ப்பு ஆட்சி செய்தது.

மகன் சொன்ன சொல்

1909-ம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் கெய்ரோ என்ற ஊரில் ஒரு கும்பல் கொலை நடந்தது. கைதியைக் காப்பாற்றத் தவறிய ஷெரீப் பதவி இழப்பார் என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருந்தது. ஷெரீப் என்றால் அந்த வட்டாரத்துப் போலீஸ் தலைவர். கெய்ரோ ஷெரீப் பதவி இழந்தார். பதவியைத் திரும்பப் பெற முயற்சி செய்தார். அதைத் தடுக்க யாராவது போக வேண்டும்.

ஐடா களைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் நான்தானா என்று சலித்துக்கொண்டார். குழந்தையைத் தூங்க வைத்துத் தாமும் தூங்கிவிட்டார். மூத்த மகன் வந்து எழுப்பினான். அம்மா போகாவிட்டால் வேறு யாரும் போக மாட்டார்கள் என்றான்.

மறுநாள் ஐடா புறப்பட்டார். கெய்ரோவில் ஆதாரம் திரட்டினார். ஷெரீப் பக்கம் பெரிய மனிதர்கள் நின்றார்கள். எதிர்த்து வாதாட ஐடா நின்றார். கவர்னர், ஷெரீப்புக்குப் பதவியைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்!

ஐடா கொஞ்சம் பிடிவாதக்காரர். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். அதனால் சொந்தக் கட்சியிலேயே பகை உண்டு. 1913-ல் வாக்குரிமை கேட்டுப் பெண்கள் வாஷிங்டனில் ஊர்வலம் போனார்கள். கறுப்புப் பெண்கள் கடைசியில் வர வேண்டும் என்றார்கள். ஐடா சம்மதிக்கவில்லை. கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். இல்லினாய் பெண்களின் வரிசை வந்ததும் உள்ளே நுழைந்து, அவர்களோடு சேர்ந்து நடந்தார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு

1919-ல் அர்க்கன்சா மாநிலத்தில் எலைன் என்ற இடத்தில் ஒரு கொடுமை நடந்தது. பருத்தி பயிரிட்ட கறுப்புக் குத்தகை விவசாயிகள், நியாய விலை கேட்டுச் சங்கம் வைத்தார்கள். கலவரம் மூண்டது. ஏராளமான கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். ஆனால் மரண தண்டனை விதிக்கப்பட்டது, கறுப்பர்கள் 12 பேருக்கு!

ஐடா தென்பகுதிக்குப் போனார். மெம்பிசை விட்டு விரட்டப்பட்ட பிறகு முதல் தடவை. அடையாளம் தெரிந்தால் ஆபத்து. கைதிகளின் மனைவிமார்களோடு, உறவுக்காரப் பெண்ணைப் போல ஜெயிலுக்குள் நுழைந்தார். கைதிகள் மோட்சத்தைப் பற்றியே பாடிக்கொண்டிருந்தார்கள். சாவைப் பற்றிப் பாடியது போதும், விடுதலைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றார் ஐடா. கைதிகள் சொன்னவற்றை எல்லாம் புத்தகமாக வெளியிட்டார். பலருடைய முயற்சியால் வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1925-க்குள் 12 பேரும் விடுதலையானார்கள்.

1930-ல் மாநில சட்டசபையின் மேல்சபைத் தேர்தலில் நின்றார். தோற்றார். 1931 மார்ச் 25-ந் தேதி, 68-வது வயதில், சிகாகோவில் காலமானார். அவர் எழுதி வந்த சுயசரிதை ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதை அவருடைய மகள் 1970-ல் அச்சில் கொண்டு வந்தார்.

நாடு திருப்பிக் கொடுத்தது

1877 முதல் 1950 வரை தென் மாநிலங்களில் மட்டும் 4,000 கறுப்பர்களுக்கு மேல் இப்படிக் கொல்லப்பட்டார்கள் என்று பிற்காலத்து ஆராய்ச்சி கூறுகிறது. கும்பல் கொலையைத் தடுக்கும் மசோதா 1922-ல் கீழ்ச்சபையில் நிறைவேறியது. செனட் சபையில் தென் மாநில உறுப்பினர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். இப்படி 200 தடவைக்கு மேல் முயற்சி செய்தும் சட்டம் வரவில்லை. 2005-ல் செனட் சபை இதற்காக மன்னிப்புக் கேட்டது.

2020-ல் ஐடாவுக்குப் பத்திரிகைத் துறையின் பெருமைக்குரிய புலிட்சர் விருது வழங்கப்பட்டது. 2025-ல் அவருடைய உருவம் பொறித்த கால் டாலர் நாணயம் வெளிவந்தது.

இவற்றை விடப் பெரிய மரியாதை ஒன்று உண்டு. 2022 மார்ச் 29-ந் தேதி, கும்பல் கொலையை நாடு முழுவதற்கும் தனிக் குற்றமாக்கும் சட்டத்தில் அமெரிக்க ஜனாதிபதி கையெழுத்திட்டார். 1955-ல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் பெயர் அந்தச் சட்டத்துக்குச் சூட்டப்பட்டது.

தபால்காரர் மாஸ் கொல்லப்பட்டு அப்போது 130 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைக் கொன்றவர்களின் பெயரை எந்தக் கோர்ட்டும் எழுதி வைக்கவில்லை. மாஸின் பெயர் இருக்கிறது. ஐடா அதை எழுதி வைத்தார்.